கடிதம்: தொல்லையில்லாத பிராணி

அன்புள்ள ஐயா,

ஃபெரெட் என்ற பிராணி முதுகை வளைத்துத் துள்ளி ஆடும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து மகள் அதுதான் வேண்டும் என்கிறாள். அது நம்ம ஊர் கீரிதானே? சென்னையில் வளர்க்கலாமா? பெண் ஒன்றை மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் தொல்லையே இருக்காது என்கிறார்கள்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

கீரி வேறு குடும்பம். இது நம் நீர்நாய்க்குத்தான் தூரத்துச் சொந்தம். ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கை முயல் வேட்டைக்குப் பழக்கி 2000 வருஷத்துக்கு மேலாகிறது. சென்னை வெயிலா? 30 டிகிரி தாண்டினாலே அதற்கு ஆபத்து. சரி, விடுங்கள்.

'தொல்லையே இருக்காது' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாகவே இந்தச் சொல் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நண்பனின் மாமனார் வீட்டில் தங்கியிருந்தேன். கொல்லையில் வரிசையாக மரக்கூண்டுகள். பெரியவர் ஒன்றை எடுத்து என் கையில் போட்டார். ஈரத்துணி மாதிரி தொங்கியது, உலுக்கினாலும் அசைவில்லை, செத்துவிட்டது என்று பதறிப்போனேன். அவர் பேசாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அது கொட்டாவி விட்டது. நாளில் 14 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குமாம், அவ்வளவு ஆழமாக.

அப்புறம் ஓரத்துக் கூண்டிலிருந்த தடியன் ஒருவனைக் காட்டினார். கருத்தடை செய்த ஆண், ஹாப்லெட் என்பார்கள். பெண்களோடு சேர்வது மட்டும்தான் அவன் வேலை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. இந்தப் பெண்களுக்குக் கருமுட்டை தானாக வெளியேறாது, இணை சேர்ந்தால்தான் உண்டு. வசந்தத்தில் பருவத்துக்கு வந்த பெண் சேராமலே இருந்தால் பருவம் இறங்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வாரக்கணக்கில் ஏறியே நின்று எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும், ரத்தம் ஊறாது, ஈறு வெளுக்கும், கடைசியில் செத்தே போகும். காட்டில் ஆண் எப்படியும் தேடி வந்துவிடுவதால் இது பெரிதாகத் தெரிவதில்லை. கூண்டில் போட்டு, தாழ்ப்பாளையும் போட்டு, 'தனியாக இருந்தால் தொல்லையில்லை' என்கிறோமே, யாருக்குத் தொல்லையில்லை? உங்களிடம் அப்படிச் சொன்னவர் ஒரு பெண் ஃபெரெட்டின் ஈறை விரலால் தூக்கிப் பார்த்திருப்பாரா? ஊசி, அறுவை என்று வழிகள் இருக்கின்றன. அதெல்லாம் தெரிந்த கால்நடை மருத்துவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்தீர்களா?

கோபமாக எழுதிவிட்டேன், குழந்தை மேல் இல்லை. அந்த ஆட்டம் நிஜமாகவே குஷியில் ஆடுவதுதான். ஆடும்போது கோழி கொக்கரிப்பதுபோல 'டுக் டுக்' என்று ஒரு சத்தம் வரும். பாட்டுச் சேர்க்காத வீடியோவாகத் தேடி, அவளைக் கேட்கச் சொல்லுங்கள்.