நீல் யங்: எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

ராக் இசை பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் நான் அந்தப் பக்கமே போனேன். போன மாதம் நண்பர் ஒருவர் காரில் நீல் யங்கின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாட்டைப் போட்டார். அன்று முழுக்க அந்த மௌத் ஆர்கன் காதிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து தேடினால் ஸ்டுடியோ ஆல்பங்களே நாற்பதுக்கு மேல். முறையாகக் கேட்போம் என்று 1968-ல் வந்த முதல் ஆல்பத்தில் ஆரம்பித்தேன், பாதியோடு நின்றுவிட்டது. அப்புறம் கண்ணில் பட்ட 'டிரான்ஸ்' என்ற ஆல்பத்தைப் போட்டேன். இயந்திரம் பாடுவதுபோல் இருந்தது. அதே ஆள்தானா என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் குரல் எனக்கு இன்னும் பழகவில்லை. மெலிந்து நடுங்குகிறது, சில இடங்களில் சுருதி விலகுவதாகவும் படுகிறது. இவரை எங்கிருந்து கேட்க வேண்டும்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

முதல் ஆல்பத்தில் நின்றுபோனதற்காக வருத்தப்படாதீர்கள். ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த பதிவு அது. அவர் குரல் அடியில் எங்கோ கிடக்கும். அவருக்கே அதில் திருப்தி இல்லை. ஆறு மாதம் போல் கழித்து, 1969 மே மாதத்தில் அடுத்த ஆல்பம் வந்தது. அதில் ஆளே வேறு. இடையில் கிரேஸி ஹார்ஸ் என்ற குழுவோடு சேர்ந்திருந்தார். அந்தக் குழுவில் டேனி விட்டன் என்று ஒரு கிட்டார்காரர் இருந்தார்.

நீல் யங்கை ஆண்டு வரிசையில் கேட்டால் வழி தவறிவிடும். ஹிட் பாட்டுத் தொகுப்பில் தொடங்கினால் பாட்டுகள் கிடைக்கும், மனிதர் கிடைக்க மாட்டார். நான் சொல்லும் வழி டேனி விட்டனைப் பின்தொடர்ந்து போவது. மூன்றே ஆல்பங்கள். அவை உள்ளே இறங்கிவிட்டால் மிச்சத்தை நீங்களே தேடிப் போவீர்கள்.

முதலில் 'லைவ் அட் மாஸி ஹால் 1971'. 1971 ஜனவரி 19 அன்று டொரன்டோவில் நடந்த கச்சேரி. நீல் யங் பிறந்த ஊரே டொரன்டோதான். அப்போது அவருக்கு வயது 25. மேடையில் வேறு யாரும் இல்லை. ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு பியானோ, அவர், அவ்வளவுதான். 'ஜர்னி த்ரூ த பாஸ்ட்' பாட்டில் கனடாவுக்குத் திரும்பிப் போகிறேன் என்று பாடும் இடத்தில் அரங்கம் ஆர்ப்பரிக்கும். வெளியே போய்ப் பேர் வாங்கிய பையன் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்ற சந்தோஷம் அந்தச் சத்தத்தில் இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' இதிலும் உண்டு. ஆனால் மௌத் ஆர்கன் கிடையாது. பியானோவில், வேறொரு பாட்டின் நடுவே ஒரு துண்டாக வந்து போகும். கூட்டத்தில் யாரும் கைதட்டுவதில்லை. அது வெளியாக இன்னும் ஒரு வருடம் இருந்தது. அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போகப்போகிற ஒரு பாட்டை, அது என்னவென்றே தெரியாத ஒரு கூட்டம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தச் சில நிமிடங்கள் எப்போது கேட்டாலும் புதிதாக இருக்கின்றன. அவருடைய தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் இந்தக் கச்சேரியைத்தான் அடுத்த ஆல்பமாகப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நீல் யங் கேட்கவில்லை. 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. கச்சேரிப் பதிவு கடைசியில் 2007-ல் வெளிவந்தது. பிரிக்ஸ் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இப்போது புரிகிறது என்று நீல் யங் அதனோடு எழுதினார். பிரிக்ஸ் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இதே கச்சேரியில் 'த நீடில் அண்ட் த டேமேஜ் டன்' என்று இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிகிற ஒரு பாட்டு இருக்கிறது. ஹெராயின் ஊசி ஆட்களை எப்படித் தின்கிறது என்று பாடுகிறார். மனதில் வைத்துப் பாடியது விட்டனை. விட்டன் அப்போது உயிரோடிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் சொன்ன அந்த 1969 ஆல்பம், 'எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்'. இதைச் சின்ன ஃபோனில் கேட்காதீர்கள். ஸ்பீக்கர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் நல்ல ஹெட்ஃபோன். மொத்தம் ஏழு பாட்டு. அவற்றில் மூன்றைக் காய்ச்சலில் படுத்திருந்தபோது எழுதினார். முதல் பாட்டான 'சினமன் கேர்ள்' அவற்றில் ஒன்று. அதில் கேட்பது இரண்டு குரல்கள், நீல் யங்கும் விட்டனும் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டின் முடிவுக்குப் பக்கத்தில் வரும் கிட்டார் தனி வாசிப்பைக் கவனியுங்கள். ஏறக்குறைய ஒரே சுரம். அதையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கிறார். விரல் வேகத்தைக் காட்டுகிற காலம் அது. இவர் ஒரே இடத்தில் நின்று இடித்துக் கதவைத் திறக்கிறார்.

'டவுன் பை த ரிவர்', 'கௌகேர்ள் இன் த சாண்ட்' இரண்டும் ஒன்பது பத்து நிமிடம் ஓடும். பாஸும் டிரம்ஸும் அசையாமல் ஒரே தடத்தில் நடக்க, இரண்டு கிட்டார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். முன்னால் முரட்டுத்தனமாகக் கத்துவது நீல் யங்குடையது. பின்னால் அதற்கு இடம்விட்டு, அது தடுமாறினால் தாங்கி, சமயத்தில் சீண்டியும் விடுவது விட்டனுடையது. முதல் கேட்பில் விட்டனின் கிட்டார் காதில் விழாது. மூன்றாம் முறை அதை மட்டும் கேளுங்கள். நீல் யங்கின் வாழ்நாள் சத்தம் முழுக்க அந்த இரண்டு கிட்டார் பேச்சிலிருந்து வந்ததுதான் என்பது என் கருத்து.

சரி, இடையில் நடந்தது. 1970-ல் 'ஆஃப்டர் த கோல்ட் ரஷ்' வந்தது. அருமையான ஆல்பம், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அதைப் பற்றி யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1972 பிப்ரவரியில் 'ஹார்வெஸ்ட்'. முதுகு வலியால் எலக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிப் பிடிக்க முடியாத காலம், அதனால் அக்கூஸ்டிக். அந்த வருடம் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். பெரிய சுற்றுப்பயணம் ஒன்றுக்கு ஏற்பாடாயிற்று. விட்டனையும் ஒத்திகைக்கு அழைத்தார். போதையில் அவரால் வாசிப்பைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. நவம்பரில் ஒரு நாள் நீல் யங் அவர் கையில் 50 டாலரையும் விமான டிக்கெட்டையும் கொடுத்து லாஸ் ஏஞ்சலஸுக்குத் திருப்பி அனுப்பினார். அன்றிரவே அளவு மீறிய மருந்தால் விட்டன் இறந்தார். வயது 29. அடுத்த வருடம் குழுவின் வாத்தியங்களைப் பார்த்துக்கொண்ட புரூஸ் பெர்ரியும் போதையில் போனார்.

விட்டனை அனுப்பியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வாசிக்க முடியாத ஒருவரை வைத்துக்கொண்டு மேடையேற முடியாது. ஆனால் அந்த 50 டாலரை நினைக்காமல் மூன்றாவது ஆல்பத்தை என்னால் கேட்க முடிந்ததில்லை.

அது 'டுநைட்ஸ் த நைட்'. 1973-ல், லாஸ் ஏஞ்சலஸில் ஒத்திகைக்கு வாடகைக்கு விடும் ஓர் இடத்தில், இரவுகளில் குடித்துக்கொண்டே பதிவு செய்தது. தாளம் தள்ளாடும். மைக்கைவிட்டு முகம் திரும்பிப் போவதும் அப்படியே பதிவாகியிருக்கும். 'மெல்லோ மை மைண்ட்' பாட்டில் மேலே எட்ட வேண்டிய ஓரிடத்தில் குரல் உடைந்தே போகிறது. அதைத் திருத்தவில்லை. இறந்தவர்களுக்காக ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்திருப்பவர்கள் நடுராத்திரியில் பாடினால் இப்படித்தான் பாடுவார்கள். எல்லாம் முடிந்து இரண்டு வருடம் அது வெளிவராமல் கிடந்தது. 1975-ல் 'ஹோம்க்ரோன்' என்ற வேறு ஆல்பத்தை வெளியிடத் தயாராக இருந்தார். நண்பர்களுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது அதே நாடாச்சுருளில் இதுவும் இருந்தது. கேட்டவர்களில் த பேண்ட் குழுவின் ரிக் டான்கோ, இதைத்தான் வெளியிட வேண்டும் என்றார். அப்படியே ஆயிற்று. 'ஹோம்க்ரோன்' 2020 வரை வெளியே வரவில்லை.

உங்கள் கடிதத்தில் குரலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மெலிந்த குரல்தான், மறுப்பதற்கில்லை. சிறு வயதில் போலியோ வந்து பிழைத்தவர், பார்வைக்கும் ஒல்லி. ஆனால் இந்த மூன்று ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், அந்த நடுக்கம் ஒவ்வொன்றிலும் வேறு வேறு என்பது பிடிபடும். மாஸி ஹாலில் அது கூச்சம். கிரேஸி ஹார்ஸோடு இருக்கும்போது, பெரிய சத்தத்துக்கு மேலே ஒற்றை நூலாக நின்று, பாட்டை அறுந்துவிடாமல் பிடித்திருக்கிறது. 'டுநைட்ஸ் த நைட்'டில் அது அழுகை. கனத்த, சீரான ஒரு குரலால் இந்த மூன்றையும் செய்திருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் 'டிரான்ஸ்'. நீங்கள் குழம்பியது நியாயம். 1980-களில் அவர் ஆல்பத்துக்கு ஆல்பம் வேறு ஆளாக மாறிக்கொண்டே போனார். அவரைப்போல் இல்லாத ஆல்பங்களைச் செய்கிறார் என்று அவருடைய ஆல்பங்களை வெளியிட்ட நிறுவனமான கெஃபன் 1983-ல் அவர் மேலேயே வழக்குப் போட்டது. 'டிரான்ஸ்' பாட்டுகளில் குரலை வோகோடர் என்ற கருவி வழியாக விட்டிருக்கிறார், பல இடங்களில் சொல் புரியாது. நானும் அதை வெகுகாலம் ஒதுக்கித்தான் வைத்திருந்தேன். அவருடைய மகன் பென், பெருமூளை வாதத்தோடு பிறந்தவர், பேச்சு வராது. மகன் பேச முயல்வதும் தனக்குப் புரியாமல் போவதும்தான் அந்தப் புரியாத குரல் என்று நீல் யங் பின்னால் சொன்னார். அதைத் தெரிந்துகொண்டு 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' பாட்டைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பேச முடியாத குழந்தைகளுக்காக பிரிட்ஜ் ஸ்கூல் என்ற பள்ளியைத் தொடங்கியவர்களில் அவருடைய அப்போதைய மனைவி பெகியும் ஒருவர். அந்தப் பள்ளிக்காக 1986-லிருந்து பல வருடம் கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார்கள். 'டிரான்ஸ்' உங்களுக்குக் கடைசியில் வரட்டும். ஆனால் வரட்டும்.

மூன்றையும் முடித்தபின் எங்கே போவது என்றால், 1974-ன் 'ஆன் த பீச்', ராத்திரியில். 1979-ன் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' கட்டாயம். பாதி அக்கூஸ்டிக், பாதி கிரேஸி ஹார்ஸ், தொடங்கும் பாட்டே உருமாறி முடிக்கும் பாட்டாக வரும். 'ஹார்ட் ஆஃப் கோல்ட்'டின் சாயலில் இன்னும் வேண்டுமென்றால் 1992-ல் வந்த 'ஹார்வெஸ்ட் மூன்', இருபது வருடம் கழித்துக் கிட்டத்தட்ட அதே வாத்தியக்காரர்களோடு செய்தது. சத்தம் பிடித்துப்போனால் 1990-ன் 'ராகிட் குளோரி'. 2000-த்துக்குப் பிறகு வந்தவற்றில் நான் திரும்பத் திரும்பப் போவது 'லே நாய்ஸ்' ஒன்றுக்குத்தான், 2010. மற்றவற்றுக்கு அவசரமில்லை.

'டுநைட்ஸ் த நைட்' கேட்கும்போது ஐந்தாவது பாட்டில் திடீரென்று வேறொருவர் குரல் வரும். 'கம் ஆன் பேபி லெட்ஸ் கோ டவுன்டவுன்'. உற்சாகமான, துள்ளலான குரல், பின்னால் கூட்டத்தின் இரைச்சல். ஆல்பம் மாறிவிட்டதோ என்று பார்க்காதீர்கள். அது டேனி விட்டன். 1970 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பாடியது. தன் சாவுக்கான ஆல்பத்தில் அவரே வந்து, போதை வாங்க ஊருக்குள் போகலாம் வா என்று சிரித்துக்கொண்டு பாடுகிறார். நீல் யங் பக்கத்தில் நின்று கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்.