இலகுவான .22 அரைத்தானியங்கி ரைபிள்: கிருஷ்ணகிரி, தருமபுரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ராணுவத்தில் சிறு ஆயுதப் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்ற நான், இப்போது கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இளைஞர்களுக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுத்தருகிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கி மேலே தந்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன். .22 என்பது அங்குலக் கணக்கில் குழலின் உள்விட்டம்; இங்கே பேசப்படுவது .22 ரிம்ஃபயர். ரிம்ஃபயர் என்பது தோட்டாவின் அடிவிளிம்புக்குள் பற்றுமருந்து வைக்கப்பட்ட வகை. அரைத்தானியங்கி என்பது விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும் வெளியேறி, அடுத்த தோட்டா தானாகவே குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏறிக்கொள்ளும் வகை. அந்த அறையை மூடித் திறக்கும் உலோகத் துண்டுதான் போல்ட். தனியாகப் பயிலும் புதியவருக்கு, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் திறந்து மூடும் போல்ட் ரைபிள்தான் நல்லது என்பது நான் வழக்கமாகச் சொல்வது; அதை மறுத்து வந்த கடிதமும் கீழே உண்டு.

ஓசூர்க்காரர், இப்போது டெக்சாஸில் வசிப்பவர்: நானும் மனைவியும் சுடக் கற்றுக்கொள்ளவும், பிறகு உரிமம் எடுத்து முயல் வேட்டைக்குப் போகவும் ஒரே ரைபிள் போதுமா? ரூகர் 10/22, மார்லின் 60 இரண்டில் எதை வாங்கலாம்?

இரண்டு வேலைக்கும் ஒன்றே போதும். ரூகர் 10/22 என்பது 1964 முதல் விற்பனையில் இருக்கும் ரைபிள். சுழல் முறையில் 10 தோட்டாக்களை ஏந்தும் அதன் மகசீன் கட்டைக்கு (தோளில் அணைக்கும் பிடிப்பகுதிக்கு) வெளியே துருத்தாமல் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். சாதாரண வடிவத்தின் எடை ஏறத்தாழ 2.3 கிலோ; உதிரிபாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். மார்லின் 60 சற்றே கூடுதல் எடை உடையது, குறி நேர்த்தியிலும் குறைந்ததன்று. ஆனால் அதன் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள ஒரு நீண்ட குழாய்க்குள் வரிசையாக நிற்கின்றன. காலி செய்யும்போது குழாயின் உட்பகுதியை உருவிச் சாய்த்துக் கொட்ட வேண்டும். ஒரு தோட்டா உள்ளேயே தங்கிவிட்டாலும் வெளியிலிருந்து தெரியாது. கற்றுக்கொள்பவர் கையில் அப்படிப்பட்ட ஐயத்துக்கு இடம் இருக்கக் கூடாது என்பதால், கழற்றி மாட்டும் மகசீன் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன்.

அதற்காக 10/22 குறையற்றது என்று எண்ணிவிடாதீர்கள். அதன் வழக்கமான வடிவத்தில் கடைசித் தோட்டா சுடப்பட்ட பிறகும் போல்ட் மூடிக்கொள்ளும். துப்பாக்கி காலியாகிவிட்டது என்று அது தானாகச் சொல்லாது. மார்லின் 795 போன்றவற்றில் கடைசிக் குண்டுக்குப் பின் போல்ட் திறந்தே நிற்கும், அது பழகுபவர்களுக்கு நல்லது. எந்த வகையானாலும் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: மகசீனைக் கழற்றினால் மட்டும் துப்பாக்கி காலியாகிவிடாது. பயிற்சித் தளத்தில் ஒரு மாணவன் மகசீனைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியோடு எழுந்து உட்கார்ந்தான். நான் குனிந்து போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தேன். பளபளக்கும் முழுத் தோட்டா ஒன்று துள்ளி அவன் முழங்காலருகே விழுந்தது. அவன் முகம் வெளுத்துப்போயிற்று. முதலில் மகசீன், பிறகு போல்ட்டை இழுத்தல், பிறகு அறைக்குள் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தொட்டுப்பார்த்தல் என்ற வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

எடை குறைந்தது எல்லாமே நல்லது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ரெமிங்டன் நைலான் 66 ஏறத்தாழ 1.8 கிலோதான், நாள் முழுவதும் தோளில் சுமந்து நடக்க அதைவிட இதமானது அரிது. ஆனால் நின்றுகொண்டு சுடும்போது இலேசான ரைபிள் மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் ஏற்ப ஆடும்; கனமானது நிலைத்து நிற்கும். பன்னாட்டு 50 மீட்டர் போட்டிகளில் 8 கிலோ வரை அனுமதிக்கிறார்கள், வீரர்களும் கனத்தை விரும்பியே சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் இருவருக்கும் இரண்டு முதல் இரண்டரை கிலோ பொருத்தம். எடையைவிடக் கட்டையின் நீளத்தை முதலில் பாருங்கள். தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் சாய்த்ததும், கழுத்தை நீட்டாமலும் முதுகை வளைக்காமலும் கண் நேராகப் பார்வைக்கோட்டில் விழ வேண்டும். உங்கள் மனைவியின் கை உங்கள் கையைவிடச் சிறியதாக இருந்தால், கட்டை நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகையை வாங்குங்கள். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்துவதானால் ரிம்ஃபயருக்கென்றே, 50 மீட்டர் அளவில் சரிசெய்யப்பட்ட நான்கு மடங்கு ஸ்கோப் போதும்.

50 மீட்டருக்குக் குறியைச் சரிசெய்து, முயலை அந்தத் தொலைவுக்குள் மட்டும் சுடுங்கள். வேகமான தோட்டாவிலும்கூட 100 மீட்டரில் குண்டு 15 முதல் 20 செ.மீ. கீழே இறங்கிவிடும், காற்று அதைப் பக்கவாட்டிலும் தள்ளும், காயத்தோடு ஓடும் விலங்கு புதரில் கிடந்து துன்பப்பட்டுச் சாகும். அதே குண்டு ஒன்றிலும் படாமல் போனால் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் பறக்கக்கூடும் என்பதால், பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் விசையைத் தொடக் கூடாது.

பென்னாகரம்: எங்கள் காட்டோரத்தில் முயலும் கௌதாரியும் ஏராளம். .22 உரிமம் கிடைத்தால் சுடலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயல், கௌதாரி, காட்டுக் காடை எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. துப்பாக்கி உரிமம் என்பது ஆயுதத்தை வைத்திருக்கத் தரும் அனுமதி. வேட்டையாடத் தரும் அனுமதியன்று. உங்கள் பகுதியை ஒட்டிக் காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்கள் இருக்கின்றன. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை. மேலே டெக்சாஸ்க்காரருக்கு எழுதியது அந்த நாட்டுக்கானது. இங்கே அதைக் கடைப்பிடிக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி: என் மகனுக்கு 13 வயது. அரைத்தானியங்கியில் தொடங்கட்டுமா?

வேண்டாம் அம்மா. 0.177 அங்குல அளவுள்ள, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைபிளில் தொடங்கட்டும். அதற்கு உரிமம் தேவையில்லை. அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில்தான், ஆகையால் அதை விளையாட்டுப் பொருளாக எண்ண வேண்டியதில்லை. துப்பாக்கி உரிமத்துக்கு 21 வயது நிரம்ப வேண்டும். ஏர் ரைபிளானாலும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பாலக்கோடு: நியூசிலாந்தில் பண்ணையில் இருக்கும் என் தம்பி, சத்தம் குறைவான தோட்டா போட்டால் ரைபிள் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்கிறான். ரைபிள் பழுதா?

பழுதாக இருக்க வேண்டியதில்லை. .22 அரைத்தானியங்கி ரைபிள்களில் பெரும்பாலானவற்றில் போல்ட் பூட்டப்படுவதில்லை. அதன் கனமும் பின்னால் உள்ள ஸ்பிரிங்கும் மட்டுமே அதை மூடிவைக்கின்றன. குண்டை முன்னே தள்ளும் வாயு, காலிக்கூட்டைப் பின்னே தள்ளி, கூடு போல்ட்டைத் தள்ளி, அதுவே அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஒலியின் வேகத்துக்குக் கீழே, அதாவது நொடிக்கு 340 மீட்டருக்குக் குறைவாகப் பறக்கும் மெதுவான தோட்டாக்களில் சில அந்த அளவு உந்துதல் தருவதில்லை. போல்ட் பாதிவழியில் திரும்பும்போது, வெளியேற வேண்டிய கூடு வாயிலில் நட்டுக்குத்தாக நின்று மாட்டிக்கொள்ளும். வேகமான தோட்டாவில் சரியாக ஓடினால் ரைபிளில் குறையில்லை. அங்கும் சிக்கினால் அறையைச் சுற்றிப் படிந்த மெழுகையும் கரியையும் துடைக்கச் சொல்லுங்கள். மகசீனில் தோட்டாக்களை அடுக்கும்போது, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் விளிம்புக்குப் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குத் திசையிலேயே முப்பது நொடி பிடித்திருந்து, அதன் பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு.

ஊத்தங்கரை: மொத்தத்தில் எது சிறந்த ரைபிள் என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

முதல் பதிலை முழுதாகப் படியுங்கள்.

பர்கூர், முன்னாள் ராணுவ வீரர்: புதியவருக்குப் போல்ட் ரைபிள்தான் என்பது பழைய பிடிவாதம். ஒவ்வொரு குண்டுக்கும் கையை எடுத்தால் நிலை குலைந்துவிடும். நாம் எஸ்.எல்.ஆர். என்ற ராணுவ அரைத்தானியங்கி ரைபிளில் கற்கவில்லையா?

அண்ணன் கேட்டிருப்பது நியாயமான கேள்வி, இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். கையை எடுக்காமல் சுடும்போது தோளும் கன்னமும் ஒரே இடத்தில் பதிகின்றன என்பது உண்மை. 2012-இல் லண்டனில் விஜய்குமார் வெள்ளி வென்ற விரைவுச்சுடு பிஸ்டல் போட்டியும் .22 அரைத்தானியங்கியில் நடப்பதுதான். ஆனால் எஸ்.எல்.ஆரைத் தொடும் முன் வெற்று ஆயுதத்தோடு எத்தனை வாரம் தரையில் கிடந்தோம், பக்கத்தில் எத்தனை உஸ்தாத்கள் (பயிற்றுநர்கள்) நின்றார்கள் என்பதையும் அண்ணன் நினைத்துப்பார்க்க வேண்டும். அந்தக் கண்காணிப்பு ஊர்ப்புற கிளப்பில் கிடைப்பதில்லை.

புதியவர் அரைத்தானியங்கியைக் கையில் எடுத்ததும் முதல் குண்டு எங்கே போயிற்று என்று யோசிக்கும் முன்பே இரண்டாவதைச் சுட்டுவிடுகிறார். விசையைப் பிடுங்கி இழுக்கும் பழக்கம், வெடிக்கும் முன்பே கண்ணை மூடும் பழக்கம் இரண்டும் அந்த அவசரத்தில் மறைந்து வளர்கின்றன. போல்ட்டைத் திறந்து மூடும் அந்த நேரத்தில்தான், சுடும் தருணத்தில் நுனிப்பார்வை (குழல்முனைக் குறி) எங்கே நின்றது என்று மாணவர் சொல்லிப் பழகுகிறார். என்.சி.சி. மாணவர்கள் .22 போல்ட் ரைபிளில் பழகுவதும், ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைபிள் போட்டியில் ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுடுவதும் பொருளோடுதான்.

பர்கூர், மீண்டும்: அப்படியானால் அரைத்தானியங்கி மகசீனிலும் ஒரே ஒரு தோட்டாவை வைத்துச் சுடச் சொன்னால் போயிற்றே? தருமபுரி வாசகர் ஒருவரும் இதையே எழுதி, இரண்டு ரைபிள் வாங்கும் செலவு மிச்சம் என்கிறார்.

இதை ஏற்றுக்கொள்கிறேன், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஒரு தோட்டா, ஒரு குண்டு, பிறகு அறையைப் பார்த்தல் என்று சில மாதங்கள் நடத்தலாம். ஆனால் மகசீனில் பத்துக்கு இடமிருக்கும்போது ஒன்றோடு நிறுத்தும் கட்டுப்பாடு, பக்கத்தில் ஆள் இருந்தால்தான் நீடிக்கும். தனியாகப் பயில்பவருக்குப் போல்ட் ரைபிள் என்ற என் கருத்து மாறவில்லை. செலவைப் பற்றி எழுதிய தருமபுரி அன்பருக்கு ஒன்று சொல்கிறேன். நம் ஆயுத விதிகள் 2016 அரைத்தானியங்கியைச் சாதாரண .22 ரைபிளோடு ஒன்றாக எண்ணுவதில்லை. அதைக் கட்டுப்பாடு மிகுந்த தனி வகையில் வைக்கின்றன. ஆகவே இங்கே அது மிச்சம் பிடிக்கும் வழியாகாது. மேற்கொண்டு இந்த வாதத்தை நீட்டி வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதப்போவதில்லை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அரூர்: நிலக்கடலையைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. .22 போதுமா?

முயலுக்குச் சொன்னதே பன்றிக்கும். பயிர்ச்சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நடவடிக்கை எடுக்க வேண்டியது வனத்துறை. .22 குண்டு பெரும்பாலும் பன்றியைக் கொல்லாது, வெறிகொள்ளச் செய்யும்.

காவேரிப்பட்டினம்: கைவிடப்பட்ட கல்குவாரியில் சுட்டுப் பழகலாமா? சுற்றிலும் பாறைச்சுவர் இருக்கிறதே.

அந்தப் பாறைச்சுவர்தான் ஆபத்து. நம் மாவட்டக் கருங்கல் ஈயக் குண்டை உள்வாங்காது. சாய்வாகப் பட்ட குண்டு எந்தத் திசையில் திரும்பும் என்று யாராலும் கணிக்க முடியாது. தேங்கிய நீர்ப்பரப்பிலும் அப்படியே தெறிக்கும். குண்டைத் தடுக்கக் கல் கலக்காத, உயரமான மண்மேடு வேண்டும். எப்படியிருந்தாலும் அனுமதி பெற்ற சுடுதளத்துக்கு வெளியே சுடுவது குற்றம். மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆடு மேய்க்காத குவாரி எது என்று யோசித்துப்பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை: தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. உரிமம் இல்லை. அதைக் கொடுத்துவிட்டு .22 கேட்கலாமா?

பண்டமாற்று எதுவும் இல்லை. அதைத் தொடாமல், தூக்கிக்கொண்டு தெருவில் நடக்காமல், ஒரு வழக்கறிஞரையோ ஊர்ப் பெரியவரையோ உடன்வைத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்குள் பல ஆண்டுக்கு முன் கெட்டித்த மருந்து இன்னும் இருக்கலாம். உரிமத்துக்குத் தனியாக மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் இணைக்க வேண்டும்.

மத்தூர்: கிளப் .22 ரைபிளை எப்படித் துடைப்பது?

மகசீனைக் கழற்றுங்கள். அதனால் மட்டும் துப்பாக்கி காலியாகிவிடாது என்று மூன்று பேருக்கு நேரிலும் எழுதியும் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், போல்ட்டை இழுத்து அறையைப் பாருங்கள். பிறகு அறையையும் போல்ட் முகத்தையும் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் விடுங்கள். குழலுக்குள் அடிக்கடி கம்பி விட வேண்டாம்; .22 குழல் சுடுவதால் தேய்வதைவிட, முனையில் உரசும் துடைப்புக் கம்பியால் கெடுவது அதிகம். கம்பி விட்டே ஆக வேண்டுமென்றால், முடிந்தவரை அறைப்பக்கத்திலிருந்து விடுங்கள்.