பேட்டரியை எடுத்தாச்சு, அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது. பத்து நாளைக்கு முன் ரிமோட்டில் இருந்த வட்டப் பேட்டரியை விழுங்கிவிட்டான். அன்றைக்கே எண்டோஸ்கோபியில் எடுத்துவிட்டார்கள். உணவுக்குழாயில் புண் இருக்கிறது, மூன்று வாரம் கழித்துக் கூட்டி வாருங்கள் என்றார்கள். இவனோ பழையபடி ஓடி விளையாடுகிறான். மறுபடி அலைய வேண்டுமா? அது தீர்ந்துபோன பேட்டரிதானே? புண் ஆறட்டும் என்று தினமும் தேன் கொடுக்கிறோம், சரியா?

பதில்: கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். தீர்ந்த பேட்டரி என்பதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. ரிமோட்டுக்குப் போதாத மின்சாரம் குழந்தையின் உணவுக்குழாயை வேகவைக்கப் போதும். உள்ளே இருக்கும் ரசாயனம் ஒழுகித்தான் புண்ணாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஈரச் சதையில் ஒட்டியதும் மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் மைனஸ் முனைப் பக்கம் சதையை அரிக்கும் கடுமையான காரப்பொருள் (ஆல்கலி) உருவாகிறது, இரண்டே மணி நேரத்தில் ஆழமான புண் விழுந்துவிடும். பேட்டரி வெளியே வந்த பிறகும் அந்தப் புண் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆழமாகிக்கொண்டே போகலாம்.

உணவுக்குழாய்க்கு முன்னால் மூச்சுக்குழாய், ஒட்டினாற்போலப் பெருந்தமனி என்கிற பெரிய ரத்தக்குழாய். பால் குடிக்கும்போதெல்லாம் இருமினால், புரையேறினால், மூச்சுக்குழாய்ப் பக்கம் ஓட்டை விழுந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள். வாந்தியில் ரத்தம், கறுப்பாக மலம் என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸ்தான். கொஞ்சம்தானே வந்தது என்று விடாதீர்கள்; பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் சிறிதாக ஒருமுறை வந்து நிற்பதுண்டு. பேட்டரி விழுங்கிய விவரத்தை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அந்த மூன்று வாரக் கணக்கு வேறு விஷயத்துக்கு. புண் ஆறும்போது தழும்பு சுருங்கிக் குழாய் குறுகிவிடலாம். பால் சுலபமாக இறங்கும், கெட்டியான உணவு மட்டும் சிக்கும், வீட்டில் எல்லோரும் பையன் சாப்பிட அடம் பிடிக்கிறான் என்பார்கள்! மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். குறுகியிருந்தால் பலூன் வைத்து விரிப்பார்கள், சிலருக்குப் பல தடவை.

தேன் இப்போது மருந்தாகாது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி வீதம் ஆறு தடவை வரை கொடுத்தால் புண்ணின் கடுமை குறையலாம். அதற்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அப்போதும் தேன் கூடாது.