எலுமிச்சை இலை கொட்டுகிறது, வீட்டில் நாய் இருக்கிறது

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் எலுமிச்சை வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக அடி இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன். ஆமணக்குப் புண்ணாக்கும் குருணை மருந்தும் போடச் சொல்கிறார்கள். எங்கள் நாய் தொட்டி மண்ணைக் கிளறும். போடலாமா ஐயா?

பதில்: தயவுசெய்து இரண்டையும் போடாதீர்கள். மண்ணில் தூவும் குருணைப் பூச்சி மருந்துகளில் பல நரம்பைத் தாக்குபவை என்பது பலருக்கும் தெரியும். புண்ணாக்கை மட்டும் வெறும் உரம் என்று நம்பிவிடுகிறோம். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். நாய்க்கு அதன் வாசனை பிடிக்கும். புதைத்து வைத்தாலும் தோண்டித் தின்னும். தின்றவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தொடங்கும்.

உங்கள் செடிக்கு இவை தேவையும் இல்லை. சாறு உறிஞ்சும் பூச்சி என்றால் பெரும்பாலும் கொழுந்துதான் முதலில் சுருளும். அடி இலை மஞ்சளாகிறது, இரண்டு வேளை தண்ணீரும் ஊற்றுகிறீர்கள் என்றால், எனக்கு முதல் சந்தேகம் தண்ணீர் மீதுதான். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, அடித்துளை அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். மண்ணில் அழுகல் நாற்றம் வந்தால் செடியை வெளியே எடுத்து, கறுத்துக் குழைந்த வேரை நறுக்கிவிட்டு, டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்க உதவும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள்) கலந்த புது மண்ணில் நடுங்கள்.

மண் சரியான பிறகும் மஞ்சள் நிற்கவில்லையா? அப்போது தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். எலும்புத்தூளும் மீன் அமிலமும் வேண்டாம், அந்த வாசனைக்கும் நாய் தோண்டும். மேல்மண்ணைக் கம்பி வலையால் மூடிவிடுவது நல்லது.

பூச்சியைக் கண்ணால் பார்த்தால் மட்டும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். காயும்வரை நாய் மாடிக்கு வர வேண்டாம்.

ஒருவேளை புண்ணாக்கை ஏற்கெனவே போட்டிருந்தால், இன்றே மேல்மண்ணோடு அள்ளி, நாய்க்கு எட்டாதபடி கட்டி அப்புறப்படுத்துங்கள். நாய் தின்றதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்திக்குக் காத்திருக்காமல், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.