ஹீட் ஆகி நின்ற டீசல் கார்: என்ஜின் வேலை பார்ப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா?

வாசகர் கேள்வி: 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1,62,000 கி.மீ. ஓடியது. திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகும் வழியில் ஹீட் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப் இருக்கும் ஊர் வரை போய்விடலாம் என்று ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டினேன். வண்டி தானாக நின்றது, பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்க வெளியேறியிருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஹாஃப் என்ஜின் மாற்ற ரூ.1,45,000 என்கிறார்கள். வெளி மெக்கானிக் ஹெட் (என்ஜினின் மேல்பாதி) வேலைக்கு ரூ.48,000 கேட்கிறார். கழற்றி முழு ஓவராயில் செய்தால் ரூ.90,000 ஆகுமாம். தரகர் இருக்கிறபடியே ரூ.75,000-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஓடும் நிலையில் இருந்தால் 2,40,000 வரை போகும். ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் வாங்கிய மூன்று விலையும் என்ஜினைத் திறக்காமல் சொன்ன விலை. அதனால் எதற்கும் இன்னும் தலையாட்ட வேண்டாம். முதலில் சோதனைக்கு என்று தனியாகக் கூலி பேசுங்கள். ஹெட்டைக் கழற்றி, அளந்து, படம் எடுத்துக் காட்டுவதுவரை ஒரு தொகை. அதன்பிறகு வேலையை அவரிடமே தருவதும் தராததும் உங்கள் விருப்பம். நாலைந்தாயிரம் ரூபாய் இதற்குப் போனாலும், ஒன்றரை லட்சத்து முடிவை இருட்டில் எடுக்காமல் இருக்க அது போதும்.

கம்பெனி சொன்ன விலையிலேயே ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. ஹாஃப் என்ஜின் என்றால் பிளாக், கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன் சேர்ந்த கீழ்ப்பாதி மட்டும். ஹெட் உங்கள் பழையதுதான் மேலே ஏறும். உங்கள் 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் முதலில் வளைவது ஹெட்தான். கோணிய ஹெட்டைப் புதுக் கீழ்ப்பாதியின் மேல் வைத்தால், இரண்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் மறுபடி போகும். அந்த 1,45,000-ல் ஹெட் வேலை அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். மெக்கானிக் சொன்ன 48,000-க்கு எதிர்க்கேள்வி: கீழே பிஸ்டன், ரிங், பேரிங் நன்றாக இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இனி சோதனை. திறப்பதற்கு முன்பே பாதி விவரம் கிடைத்துவிடும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை மறுபடி மறுபடி இழுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அது அழுந்தாது. கனெக்டிங் ராடுதான் வளையும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தாலோ, அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கிறது. கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, நீண்ட கைப்பிடியால் என்ஜின் சுற்றும் திசையில் கையால் சுற்றச் சொல்லுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் நல்ல செய்தி. நகரவே இல்லை என்றால் உடனே 'சீஸ்' (உள்ளே இறுகிப் பிடித்துவிட்டது) என்று முடிவு கட்ட வேண்டாம். சிலிண்டரைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். துளை வழியே தண்ணீர் பீய்ச்சினால் அது சீஸ் இல்லை, தண்ணீர் அடைத்த கேஸ். பிளக் கழற்றிய பிறகும் அசையாவிட்டால்தான் பிஸ்டனோ பேரிங்கோ பிடித்திருக்கிறது. அப்போது ஹெட் வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுற்றுகிறது என்றால் அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்ற சோதனை. டீசலுக்கென்று உள்ள கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. நல்ல டீசல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் சுமார் 25 முதல் 30 பார் காட்டும். 20-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே பாடு. எண்களைவிட அவற்றின் வரிசை முக்கியம். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது. இருப்பதிலேயே மலிவான கேஸ் அது. நான்கும் ஒன்றுபோல் விழுந்திருந்தால் ரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது டைமிங் செயின் பல் தாண்டியிருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான 'திக் திக்' இல்லாமல் விர்ரென்று லேசாகச் சுற்றினாலும் சந்தேகம் செயின் மேல்தான். இந்த என்ஜினில் செயின் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், வால்வை அழுத்தும் ராக்கர்கள் உடையும். 1,62,000 கி.மீ. வரை செயின் மாற்றாமல், ஆயிலும் தள்ளித்தள்ளி மாற்றியிருந்தால் இந்த ஆபத்து கூடுதல்.

லீக் டவுன் சோதனைக் கருவி இருக்கும் ஒர்க்‌ஷாப் கிடைத்தால் விடாதீர்கள். பிஸ்டனை மேலே நிறுத்தி, எல்லா வால்வும் மூடிய நிலையில், ஹீட்டர் பிளக் துளை வழியே காற்றை ஏற்றுவார்கள். காற்று எங்கே கசிகிறது என்பதைக் காதால் கேட்டே பிடிக்கலாம். ஆயில் மூடியில் சீறினால் ரிங். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. ரேடியேட்டர் தொட்டியில் குமிழ் வந்தால் கேஸ்கெட் அல்லது வெடிப்பு.

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பதை மறக்க வேண்டாம். காகித மடிப்பை விரித்து வெயிலில் பிடித்தால், பேரிங் தேய்ந்திருக்கும் பட்சத்தில் ஜரிகைத் தூள்போல மின்னும். காந்தத்தைக் காட்டுங்கள்: ஒட்டினால் இரும்பு, அதாவது கிராங்க், செயின், ரிங் பக்கம். ஒட்டாமல் வெள்ளையாகவோ செம்பு நிறமாகவோ மின்னினால் பேரிங் அல்லது பிஸ்டன். செலவே இல்லாத சோதனை இது. ஆனால் கேட்காமல் யாரும் செய்ய மாட்டார்கள்.

இதெல்லாம் சாதகமாக வந்தால் ஹெட்டைக் கழற்றலாம். கழற்றியதும் லேத்துக்கு அனுப்பி 'பேஸிங்' அடித்து (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி) வருவதுதான் வழக்கம். அதற்குமுன் அளக்க வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேரான இரும்புச் சட்டம்) வைத்து, நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டமாக ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகிப் பார்க்க வேண்டும். பொதுவாக 0.05 மி.மீ. தகடு நுழையக்கூடாது. பிளாக்கின் மேற்பரப்பையும் இதேபோல் பார்க்க வேண்டும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வளைவு அதிகம் என்று லேத்தில் நிறையச் சீவினால் வால்வு பிஸ்டனுக்கு அருகில் வந்துவிடும். டீசலில் அந்த இடைவெளி முன்பே மயிரிழைதான். அளவுக்கு மேல் வளைந்த ஹெட்டுக்கு மாற்று ஹெட்தான் வழி. பிறகு ஹெட்டை அடைத்து, வெந்நீரில் அமிழ்த்தி, காற்று ஏற்றிக் குமிழ் பார்க்கும் பிரஷர் டெஸ்ட். வால்வு சீட்டுகளுக்கு நடுவிலும், ஹீட்டர் பிளக் துளையின் ஓரத்திலும்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். குளிர்ந்த நிலையில் அது தெரியாது.

ஹெட் கழன்றிருக்கும்போதே கீழே எட்டிப் பாருங்கள். இதில்தான் உங்கள் பணம் இருக்கிறது. சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமான ஹோனிங் கோடுகள் இன்னும் தெரிகின்றனவா? மேலிருந்து கீழாக நகம் மாட்டும்படி கீறல் இருந்தால் பிஸ்டன் சுவரோடு உரசியிருக்கிறது. அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி, கனெக்டிங் ராடைக் கிராங்க்கோடு பிடிக்கும் ஒரு பிக் எண்ட் கேப்பையாவது கழற்றிப் பேரிங் ஷெல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் சரி. செம்பு நிறம் தெரிந்தால் ஆயில் படலம் போய் உலோகம் உலோகத்தோடு தேய்ந்திருக்கிறது.

உங்கள் விஷயத்தில் எங்களுக்குக் கவலை ரிங்கைப் பற்றித்தான். தண்ணீர் முழுதும் போன பிறகு ஏழெட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அந்தச் சூட்டில் பிஸ்டன் ரிங்கின் வில்விசை செத்துவிடும். ஹெட் வேலை முடிந்து வண்டி ஸ்டார்ட் ஆகும், பத்து நாள் நன்றாகவும் ஓடும். இரண்டு மாதத்தில் நீலப்புகையும், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயிலும் என்று வந்து நிற்கும். 48,000 போட்டுவிட்டு மறுபடி 90,000 போடுகிறவர்கள் இந்த வகையினர்தான். தண்ணீர் குறைந்ததுமே நிறுத்திய வண்டிக்கு ஹெட் வேலை போதும். உங்களுடையதுபோல நிற்கும்வரை ஓடிய வண்டிக்கு, சிலிண்டர் சுவர் சுத்தமாக இருந்தாலும் பிஸ்டனை வெளியே எடுத்து ரிங்கும் பேரிங் செட்டும் போடாமல் மூடக்கூடாது.

இன்னொன்று: இடையில் ஹீட் இறங்கியதுபோல் தோன்றினாலும் நம்பாதீர்கள். சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் போனபின் அது வெறும் ஆவியை அளந்துகொண்டிருக்கும், உள்ளே அலுமினியம் வெந்துகொண்டிருக்கும்.

இப்போது கணக்கு. ஓடும் விலை 2,40,000. இப்படியே விற்றால் 75,000. இடைவெளி 1,65,000. வேலைச்செலவு, எதிர்பாராதவற்றுக்கு 30 சதவீதம் கூட்டிய பிறகும் இந்த இடைவெளிக்குள் இருந்தால்தான் வேலை பார்ப்பதில் அர்த்தம். 48,000 வேலை 62,400 ஆகும். உள்ளே அடங்கும், ஆனால் மேலே சொன்னபடி நிற்கும்வரை ஓடிய உங்கள் வண்டிக்கு அது மட்டும் போதாது. 90,000 ஓவராயில் 1,17,000 ஆகும். இதுவும் உள்ளே அடங்கும். 1,45,000 ஹாஃப் என்ஜின் 1,88,500 ஆகிவிடும், விட்டுவிடுங்கள். வண்டி வாங்கியது எவ்வளவு, போன வருடம் டயர் போட்டது எவ்வளவு என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

ஆனால் ஓவராயில் கணக்கைக் கவிழ்க்க இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்: இன்ஜெக்டரும் டர்போவும். நான்கு இன்ஜெக்டரையும் பெஞ்சில் வைத்துச் சோதித்து ரிப்போர்ட் வாங்குங்கள். டர்போ ஷாஃப்ட்டை விரலால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். இறக்கை உறையில் இடித்தால் அதுவும் செலவுதான். இரண்டும் சேர்ந்து 50,000 இழுத்தால் மொத்தம் 1,67,000 ஆகி, இடைவெளியைத் தாண்டிவிடும். அந்த நிலையில் 75,000-க்கு விற்பதே சரி. பிளாக்கில் வெடிப்பு, கிராங்க் சூட்டில் நீலம் பாய்ந்திருப்பது, ராடு உடைந்து பிளாக்கில் துளை போட்டிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அதே முடிவு.

இதற்கு மாறாக ஒன்றையும் எடை போடுங்கள். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இதே விலையில் கிடைப்பது இன்னொருவர் ஓட்டித் தள்ளிய பழைய டீசல்தான்; அதன் செயினும் கிளட்ச்சும் எந்த நிலையில் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் வண்டியின் பாடி துருப்பிடிக்காமல், கியர் பாக்ஸ் சத்தமில்லாமல் இருந்து, இன்னும் நான்கைந்து ஆண்டு வைத்துக்கொள்வதானால், கணக்கு சற்று மீறினாலும் ஓவராயில் நஷ்டமில்லை. உதிரிபாகக் கவலையும் வேண்டாம். இதே குடும்பத்து 1.3 லிட்டர் என்ஜின் டாடா, ஃபியட் வண்டிகளிலும் லட்சக்கணக்கில் ஓடியது.

சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையில் செகண்ட்ஸ் என்ஜின் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பார்க்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. உங்களுடையது 75 குதிரைத்திறன் வகை. எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸாவில் வந்த 90 குதிரைத்திறன் என்ஜின் வெளியே ஒன்றுபோல் இருந்தாலும் டர்போவும் ஈசியுவும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வேறு. ஆயில் மூடியைத் திறந்து கரித்தார் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், கம்ப்ரஷன் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். என்ஜின் எண் பிளாக்கில் பொறித்தது. அது மாறினால் ஆர்.சி.யிலும் மாற வேண்டும்; மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. பில்லும் பழைய வண்டியின் ஆவணமும் இல்லாத என்ஜின் திருட்டு வண்டியுடையதாகவும் இருக்கலாம். ஆர்.சி.யில் எண் மாறிய வண்டிக்கு வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். அதையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இன்சூரன்ஸ் எதிர்பார்க்க வேண்டாம். விபத்தில்லாத இயந்திரக் கோளாறு சாதாரண பாலிசியில் வராது.

வேலை பார்க்க முடிவெடுத்தால், ஹோஸ் ஏன் வெடித்தது என்பதையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, எல்லா ஹோஸும் புதிது. ஃபேன் எந்தச் சூட்டில் ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஹெட் போல்ட் புதிதாகப் போட்டு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன வரிசையிலும் கோணத்திலும் முறுக்க வேண்டும். நீண்டுவிட்ட பழைய போல்ட் மறுபடி பிடிக்காது. செயின் கிட், இன்ஜெக்டர் செம்பு வாஷர் பட்டியலில் இருக்கட்டும். லேத் பில்லைத் தனியாக, அளவுகளோடு கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும். ஆறு மாத உத்தரவாதம் எழுத்தில் வேண்டும். முதல் 1,000 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். அதுவரை 3,000 ஆர்.பி.எம். தாண்ட வேண்டாம், ஏசி போட்டு மலை ஏற வேண்டாம்.

விற்பதானால் தரகர் முதலில் சொன்ன 75,000-ல் நிற்காதீர்கள். சோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு மெக்கானிக்குகளிடம் கேளுங்கள். 'ஹெட் மட்டும்தான்' என்று தெரிந்த வண்டிக்கு அவர்களே கூட்டிக் கேட்பார்கள். 'பத்து வருடம் தாண்டிய டீசல், செல்லாது' என்று விலையைக் குறைப்பவரிடம், அந்தத் தகராறு டெல்லி வட்டாரத்துக்கானது என்று சொல்லுங்கள். இங்கே உங்கள் பதிவு 2028 வரை இருக்கிறது, பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்கலாம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் பெயர், தேதி நிரப்பித்தான் கையெழுத்திட வேண்டும். வெற்றுப் படிவத்தில் போட்டால் அந்த வண்டி நாளை செய்யும் விபத்துக்கும் நீங்களே உரிமையாளர். நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் கழிவு) வண்டியோடு போகாது. பாலிசி கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்தால் மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் அடுத்த காருக்குக் கழிவு கிடைக்கும். யாரும் வாங்க முன்வராவிட்டால், பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்து டெபாசிட் சான்றிதழ் பெறுங்கள், ஆர்.சி. ரத்தாகும், புதுக் காருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பழைய இரும்புக் கடைக்கு மட்டும் தள்ளிவிடாதீர்கள்.