கூல்டிரிங்க் கேனைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. டர்பனில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டு வணிகவியல் நடத்துகிறேன். அடுத்த ஆண்டு முதல் எல்லாப் பாடத்திலும் 'உலகப் பார்வை' இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பணமும் இல்லை, நேரமும் இல்லை. கடைசி வாரத்தில் இரண்டு வெளிநாடுகளைப் பற்றி ஒரு பவர்பாயிண்ட் போட்டால் போதாதா?
- சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: போதாது தம்பி. கடைசி வாரம் என்றாலே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், இது பரீட்சையில் வராது என்று. ஆனால் பணம் இல்லாதது பெரிய குறையே இல்லை. ஸ்வீடனில் மால்மோ பல்கலைக்கழகம் 1998இல் தொடங்கியபோது மாணவர்களை அனுப்பி வைக்க வெளிநாட்டுத் தொடர்புகள் அவர்களிடம் அதிகம் இல்லை. சரி, ஊரிலேயே பல நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், பாடத்தையே மாற்றுவோம் என்று இறங்கினார்கள். ஊரைவிட்டுப் போகாமலே உலகத்தைப் படிக்கும் முறை ஒன்று அங்கிருந்துதான் பேர் வாங்கியது.

புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே நடத்தும் ஒரு தலைப்பை எடுத்து, அதே விஷயத்தை வேறு இரண்டு மூன்று நாடுகள் எப்படிச் செய்கின்றன என்று பக்கத்தில் வையுங்கள். உங்கள் பாடத்தில் மறைமுக வரி வருமே, அங்கே சர்க்கரை வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு கூல்டிரிங்க் கேன் கொண்டுவரச் சொல்லுங்கள். 330 மில்லி கேன், 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். நம் தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரலில் இந்த வரி வந்தபோது, 100 மில்லிக்கு முதல் 4 கிராமுக்கு வரி இல்லை, அதற்கு மேல் கிராமுக்கு 2.1 சென்ட். கேனில் மொத்தம் 33 கிராம், அதில் 13.2 போனால் மீதி 19.8, வரி சுமார் 42 சென்ட். அதே மாதம் பிரிட்டனிலும் வந்தது, ஆனால் படிக்கட்டு மாதிரி: 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே இருந்தால் ஒன்றுமில்லை, 5இலிருந்து 8க்குள் என்றால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8ஐத் தொட்டால் 24. மெக்சிகோ 2014இல் சர்க்கரை போட்ட பானம் என்றால் லிட்டருக்கு 1 பெசோ என்று போட்டது, எத்தனை கிராம் என்ற கேள்வியே கிடையாது. இந்தியா 2017இல் ஜிஎஸ்டி கொண்டுவந்தபோது காற்றடைத்த பானத்துக்கு 28 சதவீதம், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 12 சதவீதம். சர்க்கரையே இல்லாத டயட் பானத்துக்கும் அதேதான். அதாவது அப்போது அங்கே வரி விழுந்தது சர்க்கரைக்கு இல்லை, நுரைக்கு!

இப்போது கேளுங்கள்: கம்பெனிக்காரன் 10 கிராமை 6 ஆகக் குறைத்தால் எந்த நாட்டில் அவனுக்கு லாபம்? பிரிட்டனில் ஒரு படி இறங்குவான், இங்கே குறைத்த ஒவ்வொரு கிராமுக்கும் மிச்சம், மெக்சிகோவிலும் இந்தியாவிலும் வரி அப்படியே நிற்கும். ஒரே கேன், நாலு கணக்கு. 'இதுதான் வரி' என்று மனப்பாடம் செய்தவன், 'இப்படியும் போடலாமா' என்று நிமிர்ந்து உட்காரும் இடம் இது.

அதோடு விடாதீர்கள். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கரும்பு என்றால் வெறும் பயிரா? 1860இல் மதராஸிலிருந்து கப்பலில் வந்த நம் பாட்டன் பூட்டன்கள் இறங்கியதே அந்தக் காட்டுக்குத்தான். இன்றும் அதை நம்பிப் பிழைக்கிற சிறு விவசாயிகள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் ஜூலு குடும்பங்கள். இந்த வரியைப் பற்றிச் சுகாதாரத் துறை ஒன்று சொல்லும், கரும்புக்காரர் வேறொன்று சொல்வார். மதிப்பெண்ணை இங்கே வையுங்கள்: 'பிரிட்டன் முறைக்கு நாம் மாறலாமா, மாறினால் யாருக்கு அடி?' மெக்சிகோவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் சாட்ஜிபிடி எழுதித் தந்துவிடும்.

வகுப்பில் காங்கோ, ஜிம்பாப்வே பிள்ளைகள் இருந்தால் 'உங்கள் ஊரில் எப்படி?' என்று எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளை ஒரு நாட்டுக்கே தூதர் இல்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள், சொல்ல நினைப்பவர் தானே சொல்வார்.

அடுத்த கட்டமாக வெளிநாட்டு வகுப்பு ஒன்றோடு இணையவழியில் சேர்ந்து படிக்கலாம். 'கோயில்' (COIL) என்பார்கள் (நம் கோயில் இல்லை!), நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கியது, நம் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் செய்து வருகிறது. நான் முதல் தடவை தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றோடு செய்தபோது 'உங்கள் கலாசாரத்தை அறிமுகப்படுத்துங்கள்' என்று சொல்லித் தொலைத்தேன். அவர்கள் தாஜ்மஹாலைக் காட்டினார்கள், நாங்கள் டேபிள் மவுண்டனைக் காட்டினோம், மீதி நேரமெல்லாம் 'ஹலோ, கேக்குதா?'. இரண்டாம் தடவை ஒரு வேலை கொடுத்தேன்: ஒரே பிராண்டு கேனின் லேபிளை இரண்டு பக்கமும் படம் எடுத்து, சர்க்கரையையும் விலையையும் ஒப்பிட்டு, நாலு பேர் சேர்ந்து ஒரு பக்க அறிக்கை. அப்புறம் பேச்சு தானாக வந்தது. நேரலையாக இரண்டே சந்திப்பு, மற்றதெல்லாம் வாட்ஸ்அப் குரல் செய்தி. நம் பிள்ளைகளுக்கு டேட்டா விலை தெரியும், லோட்ஷெடிங் வந்தாலும் காரியம் கெடாது.

காலம் பார்த்து வையுங்கள். நமக்கு ஆண்டு பிப்ரவரியில் தொடங்கும், தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு ஜூன் ஜூலையில், அதனால் இருவருக்கும் தோதாக வருவது ஆகஸ்ட். நேர வித்தியாசம் மூன்றரை மணி. நம் 10 மணி அவர்களுக்கு மதியம் ஒன்றரை, சாப்பிட்ட மயக்கத்தில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். 8 மணிக்கே வையுங்கள், உங்கள் பிள்ளைகள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.