கல்லூரிப் படிப்பும் அதிகாரிப் பயிற்சியும்: வாசகர் கேள்வி-பதில்

சிங்கப்பூரில் ஜிசிஇ மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்திலும், பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் இறுதியாண்டு முடியும் வேளையிலும் எனக்கு வரும் கடிதங்கள் இரண்டு மடங்காகிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் ஏறக்குறையப் பாதியில் பிறந்த ஆண்டும் இல்லை, குடியுரிமை நிலையும் இல்லை. குடிமகனா, நிரந்தரவாசியா, நிரந்தரவாசி என்றால் முதல் தலைமுறையா, இரண்டாம் தலைமுறையா என்று தெரியாமல் தேசிய சேவை (ஆண்கள் கட்டாயமாகச் செய்யும் ஈராண்டுச் சேவை) பற்றிப் பதில் சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவதைப் போன்றது. பதில் சொல்லக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். படித்துக்கொண்டே ஓசிஎஸ் (ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளி) பயிற்சியையும் முடித்துவிட்டால் பிறகு நேரம் மிச்சமாகும் அல்லவா? எங்கே விண்ணப்பிப்பது? (மாணவர், உட்லண்ட்ஸ்)

எங்கேயும் விண்ணப்பிக்க முடியாது, தம்பி. கல்லூரியில் இருந்தபடியே பகுதிநேரமாகப் பயின்று அதிகாரியாகும் ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு. நம் ஊரில் இல்லை. இங்கே வரிசை முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது: பட்டயம் அல்லது மேல்நிலைத் தேர்வு வரை படிப்பு, அதன்பின் முழுநேர தேசிய சேவை, அதற்கும் பின்னர் பல்கலைக்கழகம். ஓசிஎஸ்ஸில் சேர விருப்பம் இருப்பதாக நீங்கள் தெரிவிக்கலாம். ஆனால் தெக்கோங் தீவில் சுமார் 9 வாரம் நடக்கும் அடிப்படை ராணுவப் பயிற்சியின்போது உங்களைக் கூர்ந்து கவனித்து, உடன் பயில்பவர்களின் மதிப்பீட்டையும் கேட்டறிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டுமே அப்பர் ஜூரோங் சாலையிலுள்ள சாஃப்டி ராணுவப் பயிற்சி வளாகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மேலும் 38 வாரம். ஆக, ஏறக்குறைய 11 மாதம் பயிற்சியிலேயே கழிய, இரண்டாம் லெப்டினென்டாக உங்களுக்குக் கிடைப்பது ஓராண்டு மட்டுமே. நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதுதான் உண்மையான கவலை என்றால், சேவையில் சேருமுன் நடக்கும் உடலுறுதித் தேர்வில் 61 புள்ளியோ அதற்குமேலோ எடுத்து இரண்டு மாதக் கழிவைப் பெறுங்கள். அதற்கான ஓட்டப் பயிற்சியைப் படித்துக்கொண்டே செய்யலாம். அதை யாரும் தடுக்கப்போவதில்லை.

மகனுக்குத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இடம் கிடைத்துவிட்டது. பட்டம் முடித்தபின் சேவைக்குப் போனால், பட்டதாரி என்பதற்காக அதிகாரிப் பயிற்சி எளிதாகக் கிடைக்குமாமே? (தாயார், ஈசூன்)

கிடைக்காது, அம்மா, பட்டப்படிப்புக்காகச் சேவையை ஒத்திவைக்கவும் மாட்டார்கள். கிடைத்த இடம் எங்கும் போய்விடாது, சேவை முடியும்வரை பல்கலைக்கழகமே அதை மகனுக்காக வைத்திருக்கும். இடத்தை ஏற்றுக்கொள்வதாகக் கெடு தேதிக்குள் தெரிவிப்பதொன்றே நீங்கள் செய்யவேண்டியது. "யாரோ சொன்னார்கள்" என்பதை நம்பி மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். தகுந்த அனுமதியில்லாமல் வெளியே தங்கிச் சேவையைத் தவிர்ப்பவருக்குச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பள்ளியில் தேசிய மாணவர் படையில் உயர்நிலைச் சார்ஜண்டாக இருந்தேன். அந்தப் பதவி ராணுவத்தில் கணக்கில் வருமா? (மாணவர், பிடோக்)

பதவி வராது. அணிநடையும் அதட்டலுக்குக் கலங்காத மனமும் கூடவே வரும். முதல் வாரத்தில் அவை போதும்.

என் தம்பிக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவனுக்கு மட்டும் வேறு விதியா? (வாசகி, செங்காங்)

ஆம், வேறு விதிதான். உள்ளூரில் மருத்துவமோ பல் மருத்துவமோ பயில இடம் பெற்ற ஆண்கள் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் சேவையை இடைநிறுத்திவிட்டுப் படிக்கச் செல்லலாம். மருத்துவத்தில் ஐந்தாண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தபின் திரும்பி வந்து, மருத்துவ அதிகாரிகளுக்கெனத் தனியாக நடக்கும் பயிற்சியில் சேர்ந்து, மீதமுள்ள சேவையை ராணுவ மருத்துவராக நிறைவேற்ற வேண்டும். ஆக, 19 வயதில் தொடங்கிய சேவை 25 வயதைத் தாண்டித்தான் முடியும். திருமணம், மேற்படிப்பு என்று வீட்டில் திட்டமிடுபவர்கள் இதைக் கணக்கில் கொள்வது நல்லது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் இந்தச் சலுகை தங்களுக்கும் உண்டென்று எண்ணிக்கொள்ளவேண்டாம். அதிகாரபூர்வமான பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் கேட்டது பதிலாகாது.

மகனுக்கு ஆயுதப்படையின் உபகாரச் சம்பளம் கிடைக்கும்போல் இருக்கிறது. படிக்கும்போதே அதிகாரிச் சம்பளமும் வருமாம். பிணைப்பு ஒப்பந்தத்தில் என் அண்ணன் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். உடனே கையெழுத்திட்டுவிடலாமா? (தந்தை, ஜூரோங் வெஸ்ட்)

நண்பரே, இந்தப் பகுதியை நெடுங்காலமாகப் படிப்பவர்களுக்கு என் பதில் தெரிந்திருக்கும். வாசிக்காமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

முதலில் உங்கள் மகிழ்ச்சிக்குரிய பகுதியைச் சொல்லிவிடுகிறேன். படிப்பையும் அதிகாரிப் பதவியையும் ஒருவர் ஒருசேர வைத்திருக்க நம் ஊரில் உள்ள முதன்மையான வழி இதுவே. சேவையில் சேர்ந்து, ஓசிஎஸ்ஸில் பயின்று, அதன்பின் பல்கலைக்கழகத்துக்குப் போகும் இளைஞருக்குக் கல்விக் கட்டணத்தோடு மாதச் சம்பளமும் வருகிறது. 1971-இல் தொடங்கிய வெளிநாட்டு உபகாரச் சம்பளத்தை முதல் ஆண்டிலேயே பெற்றவர்களுள் ஒருவர் பின்னாளில் பிரதமரான லீ சியன் லூங். அவர் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரல் வரை உயர்ந்தார். ஆகவே, திட்டத்தில் எனக்குக் குறை எதுவும் தென்படவில்லை.

குறையெல்லாம் அதில் கையெழுத்திடும் அவசரத்தில் இருக்கிறது. பிணைக்காலம், அதாவது படிப்புச் செலவுக்கு ஈடாகக் கட்டாயம் பணியாற்றவேண்டிய காலம், பெரும்பாலும் உள்ளூர்ப் படிப்புக்கு நான்கு ஆண்டு, வெளிநாட்டுப் படிப்புக்கு ஐந்தோ ஆறோ ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது படிப்பை முடித்துத் திரும்பிய பிறகுதான் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. 19 வயதில் கையெழுத்திடும் பையன் தன் 29 அல்லது 30-ஆம் வயது வரையிலான வாழ்க்கைக்கு அன்றைக்கே ஒப்புதல் அளிக்கிறான். அந்த வயதில் நான் எதில் விருப்பம் கொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இடையில் மனம் மாறினால் அதுவரை செலவான கட்டணம், படித்த காலத்தில் பெற்ற தொகைகள், அவற்றுக்கான வட்டி எல்லாவற்றையும் திருப்பித் தரவேண்டியிருக்கும். வெளிநாட்டுப் படிப்பு என்றால் அது லட்சக்கணக்கான வெள்ளி.

இனி உங்கள் அண்ணன். பிணையாளர் என்பவர் சாட்சி என்றே நம் வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம் என்ற எண்ணத்தில் பெரியப்பாவும் தாய்மாமாவும் பேனாவை எடுத்துவிடுகிறார்கள். சாட்சி என்பவர் பார்த்தவர், அவ்வளவே, பிணையாளர் கடனாளி. பையன் கட்டாவிட்டால் அவர் கட்டவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் மகனுக்கு நானும் இப்படிக் கையெழுத்திட்டேன். அது ராணுவ உபகாரச் சம்பளம் இல்லை, வேறோர் அமைப்பினுடையது. பையன் நல்ல பையன்தான், படிப்பையும் முடித்தான், திரும்பி வந்து வேலையிலும் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டில் விலகினான். கடிதம் என் வீட்டுக்கு வந்த நாளில், நான் வாசிக்காமல் கையெழுத்திட்ட பக்கத்தை என் மனைவி முதல்முறையாக உரக்க வாசித்தார். எட்டு மாதத் தவணை என் கையிலிருந்து போயிற்று. பிறகு பையனே மீதியைக் கட்டி முடித்தான். நண்பரும் நானும் இன்றும் பேசிக்கொள்கிறோம், ஆனால் முன்போல் இல்லை.

ஆகவே, ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அண்ணனையும் மகனையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, பிணைக்காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, இடையில் விலகினால் தொகை எப்படிக் கணக்கிடப்படும், பாடத்தில் தவறினால் என்ன ஆகும், மேற்படிப்புக்குப் போனால் பிணைக்காலம் நீளுமா ஆகிய நான்கையும் வரிவரியாக வாசியுங்கள். புரியாத வரி இருந்தால் அதை எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அதன்பின்னும் மகன் விரும்பினால் தாராளமாகக் கையெழுத்திடட்டும். அதன்பின்னும் அண்ணன் சம்மதித்தால் அவர் பெரிய மனிதர்.

மகனை ஓசிஎஸ்ஸுக்கு அனுப்ப யாரிடம் பேசவேண்டும்? எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் இருக்கிறார். (தந்தை, பெயரும் ஊரும் இல்லை)

மகனிடம் பேசுங்கள். 1967 ஜூலையில் சாஃப்டியிலிருந்து முதல் 117 அதிகாரிகள் வெளிவந்த நாள் தொட்டு எத்தனையோ தந்தையர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். மேஜருக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் தேநீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. பெண்களுக்குச் சேவைக் கடப்பாடு இல்லை என்றாலும் அதிகாரியாக ஆசை. படிப்பை விடாமல் சேர முடியுமா? (வாசகி, தெம்பனிஸ்)

படிப்பை முடித்துவிட்டு நிரந்தரப் படைவீரராகச் சேர்வது நேர்வழி. ஓசிஎஸ்ஸில் ஆண்களோடு சேர்ந்தே பயில்வீர்கள். காட்டிலும் திடலிலும் சலுகை எதிர்பார்த்துப் போகாதீர்கள். படிக்கும்போதே ராணுவத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் ஆயுதப்படைத் தொண்டூழியப் படை இருக்கிறது. 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள் இரண்டு வார அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு ஆண்டுக்குச் சில நாள் சேவையாற்றலாம். அது அதிகாரிப் பதவிக்குப் படிக்கட்டாகாது, ஆனால் இந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்பதைச் செலவில்லாமல் காட்டிவிடும். உங்களைப் போல் கேட்கும் பெண்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் கான் சியாவ் ஹுவாங். ஆயுதப்படையின் தகுதி உபகாரச் சம்பளம் பெண்களுக்குத் திறக்கப்பட்ட 1993-இல் அதைப் பெற்ற முதல் சிலருள் அவரும் ஒருவர். 2015-இல் சிங்கப்பூரின் முதல் பெண் ஜெனரலானார்.

கணினிப் பாதுகாப்பில் பட்டயம் முடிக்கப்போகிறேன். சேவையிலேயே பட்டப்படிப்பும் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? (மாணவர், சுவா சூ காங்)

பாதி உண்மை. 2018-இல் தொடங்கிய இணையப் பாதுகாப்புத் திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் சேவையாளர்கள் வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் சில பாடங்களைப் படிக்கிறார்கள். அவை பின்னாளில் பட்டத்துக்குக் கணக்கில் வரும். ஆனால் இரண்டாண்டுக்குமேல் நீளும் ஒப்பந்தத்துக்கு இசையவேண்டும். தவிர, இது நிபுணர்களுக்கான பாதை; அதிகாரிப் பதவியைக் கனவு காண்பவர்களுக்குப் பொருந்தாது. ஒப்பந்தம் என்ற சொல் வந்துவிட்டதால், ஜூரோங் வெஸ்ட் நண்பருக்கு எழுதியதை நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

தஞ்சாவூரில் என் அக்கா மகன் கல்லூரியில் என்சிசியில் இருக்கிறான், 'சி' சான்றிதழ் எழுதப்போகிறான். சென்னையிலேயே அதிகாரிப் பயிற்சி இருக்கிறதாமே? (வாசகர், லிட்டில் இந்தியா)

இருக்கிறது. பரங்கிமலையில் 1963 முதல் இயங்கும் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் அது. அந்தப் பையனுக்குச் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரமும் பட்டப்படிப்பில் பாதி மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே என்சிசி சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து நாள் நடக்கும் தேர்வு வாரிய நேர்காணலில் தேறவேண்டும். இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். வயது 19-க்கும் 25-க்கும் இடையே, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. சான்றிதழ் கிடைக்காவிட்டால் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது, அதை எழுதட்டும்.

மகன் அமெரிக்காவில் படிக்கிறான், அங்கே ஆர்ஓடிசியில் சேரலாமா? (தந்தை, புக்கிட் தீமா)

1916-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அந்தத் திட்டத்தின் நோக்கமே கல்லூரி மாணவர்களை அமெரிக்க அதிகாரிகளாக்குவது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் அதில் அதிகாரிப் பதவி கிடைக்காது. உங்கள் மகன் இங்கே சேவை முடித்தவரா என்பதை நீங்கள் எழுதவில்லை; எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது.

அதிகாரியாகச் சேவை முடித்து இப்போது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. தேர்வு நேரத்தில் முகாமுக்கு அழைத்தால் என்ன செய்வது? (வாசகர், பூன் லே)

அழைப்பு வந்த அன்றே தேர்வு அட்டவணையை இணைத்து ஒத்திவைப்புக்கு விண்ணப்பியுங்கள். முதல் நாள் இரவு விண்ணப்பித்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள். இன்னொன்று: முழுநேர சேவைக்குப் பின்னும் தொடரும் இந்த முகாம் கடப்பாடு மற்றவர்களுக்கு 40 வயதில் முடிந்தாலும் அதிகாரிகளுக்கு 50 வரை நீள்கிறது. ஓட்டக் காலணியை வீசிவிடவேண்டாம்.

நான் ஓசிஎஸ்ஸுக்குத் தகுதியானவனா? (கையெழுத்து இல்லை)

பிறந்த ஆண்டு, குடியுரிமை, படிப்பு, மருத்துவப் பரிசோதனையில் கிடைத்த பெஸ் எனும் உடல்தகுதித் தரம் ஆகியவற்றை எழுதி மறுபடி அனுப்புங்கள்.